முதலாளி கையெழுத்துப் போட்ட பேனா

எங்கள் பெரியவருக்கு இரண்டு வரி சேர்ந்தாற்போல் எழுத வராது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு முப்பத்தொரு வருஷம் வேலை இருந்தது. வால்வு செய்கிற கம்பெனி. "அந்தப் பார்ட்டிக்குக் கொஞ்சம் காட்டமா ஒண்ணு போடும்மா" என்பார். காட்டமாக ஒன்று டைப் அடித்துக் கொண்டுபோய் வைப்பேன். படித்துப் பார்த்து, தான் எவ்வளவு காட்டமான மனுஷன் என்று தனக்குத்தானே தலையாட்டிக்கொண்டு கையெழுத்துப் போடுவார். அவர் கடிதங்களைப் பற்றி வெளியே நல்ல பேர். ஒரு பேங்க் மேனேஜர் நேரிலேயே வந்து, "சார், உங்க நடையே தனி" என்று சொல்லிவிட்டுப் போனார். பெரியவர் அன்றைக்குப் பூராவும் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. கூச்சத்தால் இல்லை. நான் ஒருத்தி அந்த அறையில் இருக்கிறேன் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது.

என்னை ஆபீஸில் எல்லோரும் ஸ்டெனோம்மா என்பார்கள். பேர் தெரிந்தவர்கள் இரண்டு பேர் இருந்தால் அதிகம்.

கம்பெனியின் வெள்ளிவிழாவுக்கு, மிஷின் விற்ற வெளிநாட்டுக்காரர்கள் பெரியவருக்கு ஒரு மைப்பேனா கொடுத்தார்கள். அவர்களே எங்கேயோ ஏலத்தில் எடுத்ததாம். அப்போதே அறுபது எழுபது வருஷப் பழசு. கறுப்பு அரக்கு, கண்ணாடி மாதிரி வழவழப்பு. அதன்மேல் பொன்தூளில் ஒரு நாரை, நாணலுக்கு நடுவே ஒற்றைக்காலில் நின்றுகொண்டிருந்தது. நல்ல வேலைப்பாடுதான். பெரியவர் அதை நாலு பேர் வரும்போது சட்டைப்பையிலிருந்து எடுப்பார், போனதும் மேசையில் வைப்பார்.

பேனா வந்த மூன்றாம் மாசம் அவருக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. கையெழுத்து சேரவில்லை என்று இரண்டு செக் திரும்பி வந்தது. அன்றைக்குக் கதவைச் சாத்திவிட்டு, "இனிமே நீயே போடும்மா. நான் பக்கத்துலதானே உக்காந்திருக்கேன்" என்றார். ஏதோ எனக்குப் பதவி உயர்வு கொடுப்பது போன்ற தோரணையில் சொன்னார். நான் இடது கைக்காரி. ஒரு வாரம் அந்த நாரைப் பேனாவாலேயே பழைய காகிதத்தில் பழகினேன். பிறகு என் கையெழுத்துக்கும் அவர் கையெழுத்துக்கும் வித்தியாசம் அவருக்கே தெரியவில்லை. பதினோரு வருஷம், ஒரு நாளைக்கு அறுபது எழுபது காகிதம். ஒவ்வொன்றையும் படித்துக் காட்டுவேன், அவர் தலையாட்டுவார், நான் போடுவேன். மகனுக்குக்கூடத் தெரியக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அந்தக் கண்டிப்பில் பாதியை வால்வின் தரத்தில் காட்டியிருந்தால் கம்பெனி எங்கேயோ போயிருக்கும். அவர் கை நடுங்குவதை ஆபீஸே பார்த்தது. கையெழுத்து மட்டும் ஏன் நடுங்கவில்லை என்று ஒருத்தரும் யோசிக்கவில்லை. மனோதிடம் என்று சொல்லிக்கொண்டார்கள்.

சாகும் முன் அந்தப் பேனாவை எனக்குக் கொடுக்கும்படி மகனிடம் சொல்லிவிட்டுப் போனார். சின்னவர் ஆபீஸில் ஒரு சின்ன விழா வைத்து அதை நிறைவேற்றினார். அதே விழாவில் என்னை வேலையிலிருந்தும் அனுப்பிவைத்தார். இரண்டு செலவை ஒரு டீயில் முடித்தார் என்று அக்கவுண்டன்ட் என் காதில் சொன்னார். பேனாவை நீட்டியபடி சின்னவர் சிரிக்கிற போட்டோ கம்பெனிப் பத்திரிகையில் வந்தது. அதில் என் முகம் பாதிதான் இருக்கிறது.

வீட்டில் நானும் தங்கையும்தான். மூன்றாம் மாடி, இரண்டு அறை, அவளுடைய தையல் மிஷின், என் பழைய டைப்ரைட்டர். பேனா நாலு மாசம் பீரோவில் கிடந்தது. மை காய்ந்திருக்குமே என்று ஒரு நாள் தெருமுனைக் கடிகாரக் கடையில் கழுவக் கொடுத்தேன். கடைக்காரர் கண்ணில் மாட்டியிருந்த லென்ஸைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். இதை என்னிடம் விட்டுவிட்டுப் போகாதீர்கள், பழைய பேனா சேர்க்கிறவர்கள் சங்கம் ஒன்று இருக்கிறது, மாசத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை கூடுவார்கள் என்று விலாசம் எழுதிக் கொடுத்தார். பால்பாயின்ட்டில் எழுதினார்.

அது ஒரு ஓட்டலின் மாடி ஹால். நீளமாக மேசைகள், மேலே பச்சைத் துணி, துணிமேல் பேனாக்கள். நூறு இருநூறு இருக்கும். ஒன்றிலும் மை இல்லை. அவற்றைச் சுற்றி இருபது முப்பது ஆண்கள், கல்யாணத்துக்கு வந்த மாமன்மார் மாதிரி ஒருத்தர் பொருளை ஒருத்தர் பார்த்து மெச்சிக்கொண்டும் உள்ளுக்குள் எரிந்துகொண்டும் நின்றார்கள். நான் கைக்குட்டையில் சுற்றிவைத்திருந்த பேனாவை எடுத்தபோது ஒருத்தர் மூச்சை இழுத்த சத்தம் கேட்டது. வெறுங்கையால் தொட்டுவிட்டேனாம்.

சங்கத் தலைவர் வந்தார். கழுத்தில் கயிற்றில் ஒரு லென்ஸ் தொங்கியது. என் மனசுக்குள் அவருக்கு லென்ஸ் என்றே பேர் வைத்துவிட்டேன். வெள்ளை உறை மாட்டிக்கொண்டு பேனாவைத் தூக்கினார். இந்த அரக்கு ஒரு மரத்தின் பால் என்றும், நாற்பது தடவை பூசி நாற்பது தடவை தேய்ப்பார்கள் என்றும், ஒரு நாரைக்கு ஆறு மாசம் ஆகும் என்றும் சொன்னார். ஆறு மாசம் உட்கார்ந்து நாரை வரைந்தவன் பேர் என்ன என்று கேட்டேன். அதெல்லாம் யாருக்கும் தெரியாது, யாரிடம் இருந்தது என்பதுதான் முக்கியம் என்றார்.

"இதுல எழுதினீங்களா?" என்று பக்கத்தில் நின்றவர் கேட்டார். தோல் டாக்டராம். என் புறங்கையில் இருந்த தேமலை ஏற்கெனவே ஒரு பார்வை பார்த்திருந்தார்.

"பேனாதானே" என்றேன்.

அவருக்கு வலித்தது. அவரிடம் நானூறு பேனா இருந்தன. மருந்துச்சீட்டை மருந்துக் கம்பெனிக்காரன் இலவசமாகக் கொடுத்த பேனாவில் எழுதுவாராம். அதைப் பெருமையாகவே சொன்னார்.

பெட்டி இருக்கிறதா என்று கேட்டார்கள். இருந்தது, ஆபீஸ் அலமாரியில் குண்டூசி போட்டு வைத்திருந்தேன் என்றேன். லென்ஸ் கண்ணை மூடித் திறந்தார். பெட்டி இருந்தால் விலை மூன்றில் ஒரு பங்கு ஏறும் என்றார். நாற்பது பூச்சு, ஆறு மாச நாரை எல்லாம் ஒரு பக்கம், குண்டூசி டப்பா ஒரு பக்கம். எனக்கு முன்னால் வைத்திருந்தவர் யார் என்பதற்கு ஆதாரம் இருந்தால் இன்னும் ஏறும், அவர் கையால் எழுதிய கடிதம் ஏதாவது கிடைக்குமா என்றும் கேட்டார். அப்படி ஒரு கடிதம் உலகத்திலேயே கிடையாது என்று சொல்ல வாய் வரை வந்தது. அடுத்த மாசம் பெட்டியோடு வருகிறேன் என்று சொல்லி வந்துவிட்டேன்.

பெட்டிக்காக ஆபீஸுக்குப் போனேன். என் நாற்காலியில் ஒரு பிரின்டர் உட்கார்ந்திருந்தது. அக்கவுண்டன்ட் அலமாரியைத் திறந்து, குண்டூசிகளை ஒரு காகிதத்தில் கொட்டி, பெட்டியைத் துடைத்துக் கொடுத்தார். அந்தச் சமயம் பார்த்துச் சின்னவர் வந்தார். எதற்குப் பெட்டி என்றார். சொன்னேன். போனை எடுத்து எதையோ தேடினார். தேடத் தேட அவர் முகத்தில் அப்பா மேல் பாசம் வந்தது.

அது குடும்பச் சொத்து ஆயிற்றே, அப்பா தொட்ட பொருள், அதைப் போய் விற்பதா என்று ஆரம்பித்தார். நீங்கள் அதை எனக்குக் கொடுக்கிற போட்டோ பத்திரிகையில் இருக்கிறது, ஐந்நூறு பிரதி என்றேன். விலைக்கே எடுத்துக்கொள்கிறேன் என்று ஒரு தொகை சொன்னார். எனக்கு விழாவில் கொடுத்த சால்வையை விடக் கொஞ்சம் கூட. நான் பெட்டியைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன். அப்படியானால் நானும் அங்கே வருகிறேன், அந்தப் பேனா எப்படிப்பட்ட மனுஷனுடையது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டாமா என்றார். என்னை அங்கே வைத்துக் கூச்சப்படுத்தி வாங்கிவிடலாம் என்று கணக்கு. தங்கையிடம் சொன்னேன். "வரட்டும் அக்கா, கூட்டம் இருந்தாத்தான் துணிக்கடையிலயே விலை ஏறும்" என்றாள்.

முதல் ஞாயிற்றுக்கிழமை சின்னவர் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். ஹாலில் எல்லோரும் சேர்ந்ததும், தான் யார் என்பதையும் அப்பா யார் என்பதையும் சொன்னார். அப்பா தினமும் காலையில் ஒரு மணி நேரம் இந்தப் பேனாவால் சிந்தனைகளை எழுதுவாராம். தொழிலாளிகளின் பிள்ளைகளுக்குக் கைப்பட வாழ்த்துக் கடிதம் போடுவாராம். கடிதம் போட்டது உண்மை. வருஷத்துக்கு இருநூறு. என் தோள்பட்டைக்குத் தெரியும். இப்படிப்பட்ட பேனா குடும்பத்தில்தான் இருக்க வேண்டும், பெரிய மனசு பண்ணி இந்த ஸ்டெனோம்மா அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் நல்லது என்று முடித்தார்.

பேனா சேர்க்கிறவர்களைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. அவர் பேசப் பேச அவர்கள் கண் பளபளத்தது. பெரிய தொழிலதிபர், சிந்தனையாளர், மகனே வந்து கேட்கிறார்! கூட்டம் சேரும் முன்பே டாக்டர் என்னிடம் ஒரு விலை சொல்லியிருந்தார், இப்போது அதை ஒரு மடங்கு ஏற்றினார். பின்னால் நின்ற ஒருத்தர் அதற்கு மேல் ஏற்றினார். சின்னவர் வாயைத் திறந்தபடி நின்றார். அவர் அப்பா உயிரோடு இருந்தபோது அவரை இவ்வளவு பெரிய ஆளாக்க யாரும் மெனக்கெட்டதில்லை.

"கொஞ்சம் பொறுங்க" என்றார் லென்ஸ். நிப்பைப் பார்க்க வேண்டுமாம். விளக்கைக் கிட்டே இழுத்து, லென்ஸை வைத்து, இப்படியும் அப்படியும் திருப்பினார். எழுதுகிறவனின் குணம் நிப்பின் தேய்மானத்தில் இருக்கிறது என்றும், முப்பது வருஷமாகத் தான் அதில் ஒருதரம்கூடத் தவறியதில்லை என்றும் சொன்னார். இது அழுத்தமான கை, முடிவெடுக்கத் தயங்காத கை, பிறரை ஆள்கிற கை என்றார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இருமுவது போலச் சமாளித்தேன். கடைசியில் லென்ஸை இறக்கினார்.

"உங்க அப்பா இடது கைக்காரர்" என்றார்.

"இல்லையே. அப்பா வலது கைதான்" என்றார் சின்னவர்.

"நிப்பு பொய் சொல்லாது தம்பி. எதிர்ப்பக்கம் சரிவாத் தேஞ்சிருக்கு. இது பத்து வருஷத்துக்குக் குறையாம ஒரே இடது கை எழுதின நிப்பு. உங்க அப்பா வலது கைன்னா, இது உங்க அப்பா பேனாவே இல்லை."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வேறு பேனாவை மாற்றிக் கொண்டுவந்த திருடி என்று பச்சைத்துணி மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு முகம் முடிவே கட்டிவிட்டது. எனக்கு அந்த ஆளுக்காகவோ சின்னவருக்காகவோ பொய் சொல்லத் தோன்றவில்லை. சத்தியத்தின் மேல் பக்தி என்று நினைக்க வேண்டாம். அவர்களுக்காக ஒரு பொய்யை யோசித்துச் செய்யும் அளவுக்கு அவர்கள்மேல் எனக்கு மதிப்பில்லை.

"இது அவர் பேனாதான். எழுதினது நான்" என்றேன். "அவருக்குக் கை நடுங்க ஆரம்பிச்சதிலேருந்து எல்லாக் கையெழுத்தும் நான்தான் போட்டேன். அவர் சொல்லித்தான், அவர் முன்னாலதான்."

லென்ஸ் பேனாவைத் துணிமேல் வைத்தார். வைத்த விதத்திலேயே விலை இறங்கியது தெரிந்தது. ஆள்கிற கை, தயங்காத கை எல்லாம் போய்விட்டது. அதே நிப்பு, அதே தேய்மானம், ஐந்து நிமிஷத்துக்கு முன் அவர் கண்ணில் நீர் வராத குறையாகப் புகழ்ந்த அதே கை. "அப்போ இது ஒரு டைப்பிஸ்ட் பயன்படுத்தின பேனா" என்றார், ஏதோ அதில் எண்ணெய் ஒட்டியிருப்பது போல. பின்னால் நின்று விலை ஏற்றியவர் பக்கத்து மேசைக்கு நகர்ந்துவிட்டார். டாக்டர், வேண்டுமானால் பாதி விலை தரலாம், அதுவும் பெட்டிக்காக என்றார்.

சின்னவர் என்னிடம் வந்தார். குரலைத் தாழ்த்தி, "எந்த வருஷத்திலேருந்து?" என்றார். வெள்ளிவிழா முடிந்த மூன்றாம் மாசம் என்றேன். அவர் கணக்குப் போட்டார். அவரை நிர்வாக இயக்குநராக்கிய காகிதம் அதற்கு ஏழு வருஷம் கழித்து. அவர் பேருக்குப் பங்குகள் மாறியது எட்டு வருஷம் கழித்து. அவருடைய தங்கையும் தங்கை புருஷனும் அந்தப் பங்குகளுக்காக இன்றைக்கும் ஒரு வக்கீலைத் தேடிக்கொண்டிருந்தார்கள். இவ்வளவும் அவர் நெற்றியில் ஒவ்வொன்றாக ஓடியதை, சுருக்கெழுத்துப் படிப்பது மாதிரி படித்தேன்.

பிறகு திரும்பி, சத்தமாகச் சிரித்தார். "இந்த அம்மா சும்மா தமாஷ் பண்றாங்க. அப்பா மேல அவ்வளவு உரிமை. அப்பாவுக்கு ரெண்டு கையும் வரும். எழுதறது மட்டும் எப்பவும் இடது கைதான். நான்தான் பதற்றத்துல மாத்திச் சொல்லிட்டேன்" என்றார்.

ஒரு மகனுக்குத் தன் அப்பாவின் கை மறந்துபோகுமா என்று அந்த ஹாலில் ஒருத்தராவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. லென்ஸின் முகம் மலர்ந்துவிட்டது. "நான்தான் சொன்னேனே" என்றார். முப்பது வருஷ வாக்கு தப்பவில்லை. நகர்ந்து போனவர் திரும்பி வந்தார். இடது கைத் தொழிலதிபர் அபூர்வமாம், அதற்குத் தனி மதிப்பாம். விலை முன்பு நின்ற இடத்தையும் தாண்டியது.

"நான் உண்மையைச் சொல்லிட்டேன். அப்புறம் உங்க இஷ்டம்" என்று டாக்டரிடம் இன்னொரு தடவை சொன்னேன். அவர் அதைக் காதில் வாங்கவே இல்லை. சின்னவரிடம் ஒரு காகிதத்தை நீட்டி, அப்பா இடது கைக்காரர்தான் என்று கைப்பட எழுதிக் கொடுக்கச் சொன்னார். மையூற்றிய ஒரு சங்கப் பேனாவைக் கொடுத்தார்கள். சின்னவருக்கு மைப்பேனாவை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியவில்லை. தலைகீழாக வைத்துக் கீறினார், காகிதம் கிழிந்தது. இரண்டாவது காகிதத்தில் மை சொட்டியது. மூன்றாவதில் நாலு வரி எழுதி முடிப்பதற்குள் காது வரை வியர்த்துவிட்டது. அப்பனைப் போலத்தான், நாலு வரிக்கே அந்தப் பாடு. நாலு வரியில் இரண்டு பிழை இருந்தது. பழக்கதோஷம், சொல்லிவிடத் தோன்றியது. விட்டுவிட்டேன்.

டாக்டர் கொடுத்த செக்குக்கு நான் ரசீது எழுதித் தர வேண்டியிருந்தது. கீழே என் கையெழுத்து. பெரியவருடையதை நான் ஒரே வீச்சில் போடுவேன். முதல் எழுத்து வாள் மாதிரி இறங்கும், கடைசிக் கோடு காகிதத்தின் ஓரம் வரை போகும். என்னுடையது பள்ளிக்கூடத்தில் பழகியது, ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக, கைகட்டி நிற்கிற மாதிரி. நாற்பது வருஷமாக அதை மாற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஒருத்தருடைய வாளைத் தீட்டிக்கொண்டே இருந்திருக்கிறேன். அந்த ஹாலில் இருந்த எல்லோரையும் விட்டுவிட்டு அந்த ஒரு நிமிஷம் என்மேலேயே எனக்கு இளக்காரமாக இருந்தது.

டாக்டர் பேனாவைக் கழுவி, துடைத்து, காற்றுப் புகாத கண்ணாடிப் பேழையில் வைப்பாராம். இனி அதில் ஒரு சொட்டு மை படாது என்று எனக்கு உறுதி சொன்னார். நான் நன்றி சொல்வேன் என்று எதிர்பார்த்தார்.

மாடிப்படியில் சின்னவர் பின்னாலேயே வந்தார். ஓட்டல் வாசலில் நின்று, நான் மறுபடி ஆபீஸுக்கு வரலாமே, ஆலோசகர் என்று ஒரு பதவி போடலாம், தினமும் வர வேண்டியதுகூட இல்லை என்றார். வராமலே சம்பளம் எதற்கு என்று கேட்டேன். கார்ச் சாவியைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"டைப் அடிக்கிறதுக்குச் சம்பளம் வாங்கினேன். வாயை மூடறதுக்கு உங்க அப்பாகிட்டயே வாங்கினதில்லை. உங்ககிட்டயா வாங்கப் போறேன்?" என்றேன்.

"யார்கிட்டயாவது சொல்லிடுவீங்களா?"

"இப்பத்தான் முப்பது பேர்கிட்ட சொன்னேன். ஒருத்தரும் எடுத்துக்கலை."

அவருக்கு அது போதவில்லை. அப்பாவுக்குத் தெரிந்துதானே எல்லாம் போட்டீர்கள், என்னை இயக்குநராக்கினதும் அவருக்குத் தெரியும்தானே என்று கேட்டார். ஐம்பதை நெருங்குகிற மனுஷர். பரீட்சை மார்க்கைக் கேட்கிற பையன் மாதிரிக் கேட்டார். பாவம் என்று தோன்றியிருக்க வேண்டும். தோன்றியது, ஆனால் விழாவுக்கு ஒரு டீ என்பதும் கூடவே ஞாபகம் வந்தது.

"ஒவ்வொண்ணும் படிச்சுக் காட்டித்தான் போட்டேன். எல்லாத்துக்கும் உடனே தலையாட்டுவார்" என்றேன். "உங்க காகிதத்துக்கு மட்டும் மூணு நாள் ஆட்டலை. நாலாவது நாள் ஆட்டினார்."

அவர் காரில் ஏறினார். நான் பஸ்ஸில் ஏறினேன். சொன்னது முழுக்க உண்மை. நாலாவது நாள் அவர் ஆட்டியது சம்மதத்துக்கா, நடுக்கத்தில் ஆடியதா என்று எனக்கும் தெரியாது. அதை நான் சொல்லவில்லை. அவ்வளவு கருணை போதும்.

அந்தப் பணத்தில் குளியலறைக் குழாய்களை மாற்றினோம். கடைக்காரன் எங்கள் கம்பெனி வால்வை எடுத்துக் காட்டினான். வேறு காட்டச் சொன்னேன். தங்கைக்கு மோட்டார் வைத்த தையல் மிஷின் வாங்கினோம். அவள் அதை ஓட்டிப் பார்த்துவிட்டு, காலுக்கு வேலையே இல்லாமல் போய்விட்டது என்று இரண்டு நாள் குறைப்பட்டுக்கொண்டாள்.

இரண்டு மாசம் கழித்து அக்கவுண்டன்ட் போன் பண்ணினார். ஆபீஸ் முன்ஹாலில் பெரியவருக்கு ஆளுயரப் படம் வைத்திருக்கிறார்களாம். சின்னவரே பக்கத்தில் நின்று வரைய வைத்தாராம். படத்தில் பெரியவர் மேசையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறார், இடது கையால். டாக்டரும் லென்ஸும் திறப்புக்கு வந்து மாலை போட்டார்களாம். அதற்கு முந்தின நாள், வலது கைப் படங்கள் இருந்த பழைய ஆல்பத்தை ஸ்டோர் ரூமிலிருந்து சின்னவர் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனாராம்.

"இருபது வருஷம் நான் அந்த மனுஷனைப் பாத்திருக்கேன், ஸ்டெனோம்மா" என்றார் அக்கவுண்டன்ட். "எனக்கே இப்போ சந்தேகமா இருக்கு. அவர் எந்தக் கை?"

"வலதுதான்" என்றேன்.

"நிச்சயமா?"

படம் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். முகம் அச்சு அசல் என்றார், கடிதத்தை எழுதுகிறவர் முகத்தில் அப்படி ஒரு யோசனையாம். அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை. போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டுச் சிரித்தேன். தங்கை மிஷினை நிறுத்திவிட்டு யார் போனில் என்று கேட்டாள்.